புதுக்கோட்டை மாதர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், பொதுக்குழுவிற்கு வந்திருக்கும் சகோதரிகள் அனைவருக்கும் பணிவான வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய நடைபெற்ற சங்கப் பணிகள் குறித்த அறிக்கையைத் தங்கள் முன் வைக்கிறேன்.

செயற்குழு விதிப்படி கூடியது. நடவடிக்கைக் குறிப்பேடு மேசைமீது உள்ளது. பார்க்க விரும்புவோர் பார்க்கலாம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். தையல் வகுப்பும் மாலைநேரப் பாட வகுப்பும் சென்ற ஆண்டைப் போலவே நடந்தன. அவற்றைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை.

சென்ற பொதுக்குழுவில் திருக்கோகர்ணம் பகுதி உறுப்பினர் ஒருவர் எழுப்பிய கேள்விக்கு இவ்வறிக்கையில் விடை தர வேண்டும் என்று செயற்குழு பணித்திருக்கிறது. "இங்கே சம்பளம் இல்லை, வீட்டிலும் யாரும் மெச்சப் போவதில்லை. அப்படியிருக்க நம் பெண்கள் எதற்காக வருகிறார்கள்? வந்தவர்களில் சிலர் ஏன் சொல்லாமல் நின்றுவிடுகிறார்கள்?" என்பது அவர் கேள்வி. இதற்காகத் தொண்டர்களிடமும், நின்றுவிட்டவர்களில் சந்திக்க முடிந்தவர்களிடமும் அவரவர் வீட்டிலேயே உட்கார்ந்து பேசினோம். படிவம் கொடுத்து நிரப்பச் சொல்லவில்லை. படிவத்தில் எல்லோரும் "சமூக சேவையில் ஆர்வம்" என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள் என்பது நாம் அறிந்ததே.

அதிகமானோர் சொன்ன காரணம், தாங்கள் ஒருமுறை தனியாக நின்றோம் என்பதுதான். கணவர் இறந்தபின் வாரிசுச் சான்றிதழுக்காகக் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று அலைந்த ஒரு சகோதரி, எந்தத் தாளை எங்கே கொடுப்பது என்று சொல்ல ஆளில்லாமல் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்ததையும், கடைசியில் அங்கே வரிசையில் நின்ற முன்பின் தெரியாத ஒரு பெண் தன் மனுவைப் படித்துப் பார்த்து விடுபட்டிருந்த இணைப்பைச் சுட்டிக்காட்டியதையும் சொன்னார். அந்தப் பெண்ணை அதன்பிறகு அவர் பார்க்கவேயில்லை. இன்று நம் மனு எழுதும் மேசையில் ஆதரவற்ற விதவையர் ஓய்வூதிய விண்ணப்பங்களைப் பார்ப்பவர் அவர்தான். இரக்கத்தினால் வருவதாக அவர் சொல்லவில்லை. "எனக்குத் தெரிந்துபோன ஒன்றை வீட்டுக்குள் வைத்துக்கொண்டு என்ன செய்வது?" என்றே கேட்டார். அலுவலக நடைமுறையை ஒருத்தி அலைந்து கற்றுக்கொண்டால் அது அவளுக்கு ஒரு முறைதான் பயன்படும். பிறருக்குச் சொல்லும்போதுதான் பட்ட பாட்டுக்குப் பொருள் ஏற்படுகிறது என்பதை அவர் சொன்ன விதத்தில் உணர்ந்தோம்.

இது நம் ஊருக்குப் புதியதல்ல. 1886இல் இதே புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் எதிர்ப்புக்கிடையே இடம்பெற்று, 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்றவர். 1927இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்ட அவர், தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். அந்தக் குலத்தில் பிறந்த பெண் பிள்ளைகளுக்கு விடுதிகளில் இடம் மறுக்கப்பட்டபோது அவர்களைத் தம் வீட்டிலேயே தங்கவைத்தார்; 1930களின் தொடக்கத்தில் ஔவை இல்லம் உருவானது அப்படித்தான். அவருடைய தாயாரும் அந்தக் குலப் பின்னணியைச் சேர்ந்தவர் என்பதை நினைத்துப் பார்த்தால், அடைபட்ட கதவின் வெளிப்புறத்தில் நின்ற அனுபவம் அந்தப் பிள்ளைகளுக்காக அவர் கதவு திறந்ததில் எவ்வளவு பங்கு வகித்திருக்கும் என்பது விளங்கும்.

நம் மூத்த உறுப்பினர்கள் பலருக்கு, படிக்காத பெரியவர்களுக்கு எழுத்தறிவு தந்த அறிவொளி இயக்கம்தான் தொடக்கம். 1991இல் இம்மாவட்டத்தில் தொடங்கிய அந்த இயக்கத்தில், அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தால், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுத்தரப்பட்டது. பல்லாயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் பழகினார்கள். பெண்களுக்கான சைக்கிள் போதிய அளவு கிடைக்காததால், நடுவில் கம்பி வைத்த ஆண்கள் சைக்கிளையே பலர் ஓட்டினர். கல்குவாரித் தொழிலாளிப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து குவாரியைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியதும் அந்தக் காலத்தில்தான். அன்று மண்ணெண்ணெய் விளக்கடியில் பாடம் எடுத்தவர்கள் பெரும்பாலும் பள்ளியிறுதி வரை படித்த உள்ளூர்ப் பெண்கள், ஊதியம் கிடையாது. அவர்களில் ஒருவராயிருந்த நம் உறுப்பினர் தம் நோக்கத்தை ஒளிவுமறைவின்றிச் சொன்னார். "பாடம் சொல்லிக் கொடுக்கத்தான் போனேன் என்று எல்லாரும் நினைக்கிறீர்கள். ராத்திரி எட்டு மணிக்கு வீட்டைவிட்டு வெளியே போக எனக்கு அனுமதி கிடைத்தது, அதற்காகவும்தான் போனேன்."

இந்தப் பதிலைச் செயற்குழுவில் படித்தபோது சிலர் சிரித்தார்கள், சிலருக்குச் சற்று சங்கடமாகவும் இருந்தது. ஆயினும், பேசியவர்களில் பலர் வேறு சொற்களில் இதையேதான் சொன்னார்கள். சங்க வேலை என்றால் வீட்டில் காரணம் கேட்காமல் அனுப்புகிறார்கள். ஆட்சியர் அலுவலகத்தில் மனுநாளன்று பெயர் சொல்லிப் பேசத் தெரிகிறது. வங்கி மேலாளர் உட்காரச் சொல்கிறார். மாமியார் பேச்சிலும் சிறிது மரியாதை கூடுகிறது. தனக்கும் ஒரு நன்மை இருக்கிறது என்பதால் தொண்டு களங்கப்படுவதில்லை என்பது என் கருத்து. தொண்டைத் தியாகம் என்றே ஓயாமல் பேசுவது வருகிறவர்களைக் குற்றவுணர்வுக்குள் தள்ளுகிறது, வராதவர்களை மிரட்டவும் செய்கிறது. நம் மேடைப் பேச்சுகளில் இதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவதாகச் சொல்லப்பட்ட காரணம் அவ்வளவு உவப்பானதல்ல. சுய உதவிக் குழுக்களிலிருந்து வரும் சிலர், குழுத் தலைவி கூப்பிட்டதால், மறுத்தால் அடுத்த கடனுக்குக் கையெழுத்துப் போடுவாரோ மாட்டாரோ என்ற தயக்கத்தில் வருகிறார்கள். 1989இல் தருமபுரி மாவட்டத்தில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய குழு முறை, சேமிப்பையும் கடனையும் தாண்டிப் பெண்களைக் கூட்டமாகப் பேச வைத்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒருவர் கடனுக்கு மற்றவர் பொறுப்பு என்ற அதே கட்டு, விருப்பமில்லாத வருகைக்கும் காரணமாகிவிடுகிறது. பேரணிக்கு ஆள் சேர்ப்பது போலத் தொண்டர் சேர்ப்பதை நிறுத்துவது என்று செயற்குழு முடிவு செய்துள்ளது. இனி குழுத் தலைவி வழியாக அழைப்பு அனுப்பாமல், ஒவ்வொருவரிடமும் நேரில் கேட்போம்.

படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் இளம்பெண்கள் வேறு வகையினர். கணினியில் இவர்கள் கை தேர்ந்தவர்கள். இ-சேவை மையத்தில் கூட்டம் நெருக்கும்போது இணையவழி விண்ணப்பங்களை இவர்களே முடித்துத் தந்தார்கள். வேலை கிடைத்தாலும் திருமணம் நிச்சயமானாலும் போய்விடுகிறார்கள் என்ற குறை மூத்தோரிடம் இருக்கிறது. போகட்டும் என்பதே என் எண்ணம். இங்கே ஒரு வருடம் மனு எழுதிய பெண் திருச்சியிலோ திருப்பூரிலோ வாழ்க்கைப்பட்டாலும் அந்தத் தெருவுக்கு அது உதவும்.

இவ்வாண்டின் பணிகளில், நுண்நிதிக் கடன் எனப்படும் ஈடில்லாச் சிறு கடன் பற்றிய பணியைச் சற்று விரிவாகக் குறிப்பிட வேண்டும், ஏனெனில் புதிய தொண்டர்கள் பெரும்பாலும் அதன் வழியாகவே வந்தார்கள். பல நிறுவனங்களில் ஒரே நேரத்தில் கடன் வாங்கி, ஒன்றின் தவணையைக் கட்ட மற்றொன்றில் வாங்கும் நிலையில் நம் பகுதிப் பெண்கள் பலர் இருக்கிறார்கள். தவணை நாளன்று மற்ற உறுப்பினர்களையெல்லாம் கூட்டி வைத்துக்கொண்டு, கட்ட முடியாதவர் வீட்டு வாசலில் இரவு வரை உட்கார்ந்திருப்பது வசூலிப்பவர்களின் வழக்கம். ரிசர்வ் வங்கி 2022இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, குடும்பத்தின் எல்லாக் கடன்களுக்குமான மாதத் தவணை அக்குடும்பத்தின் மாத வருமானத்தில் 50 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது; காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்காகக் கடன்தாரரை அழைக்கக்கூடாது. இதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தெருத்தெருவாகக் கொடுத்தோம். கீழ்த்தெருவில் ஒரு சகோதரி அந்தத் தாளைக் கதவிலேயே ஒட்டிவைத்திருக்கிறார். வற்புறுத்தி வசூலிப்பதைத் தடுக்கும் சட்டமுன்வரைவு 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியிருப்பது இப்பணிக்கு மேலும் வலுவூட்டும்.

அவ்வாறு வாசலில் அவமானப்பட்டவர்களில் சிலர்தான் இப்போது, வேறொரு வீட்டு வாசலில் ஆள் உட்கார்ந்தால் செய்தி கிடைத்தவுடன் அங்கே போய் நிற்கிறார்கள். சண்டை போடுவதில்லை, கடனைக் கட்டாதே என்று சொல்வதுமில்லை. திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். நான்கு பெண்கள் பக்கத்தில் இருந்தால் வந்தவரின் குரல் இறங்கிவிடுகிறது என்பது அவர்கள் கண்ட அனுபவம்.

குடும்ப வன்முறை தொடர்பாக வந்தவர்களை, 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நியமிக்கப்பட்டுள்ள பாதுகாப்பு அலுவலரிடமும், தேவைப்பட்டபோது மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடமும் அழைத்துச் சென்றோம். இலவசச் சட்ட உதவி பெற, பெண்களுக்கு வருமான வரம்பு கிடையாது என்பது இன்னும் பலருக்குத் தெரியவில்லை. 181 என்ற உதவி எண்ணை அறிந்தவர்கள்கூட அழைக்கத் தயங்குகிறார்கள். "நான் பக்கத்தில் இருக்கிறேன், நீ பேசு" என்று ஒருவர் சொன்ன பிறகே பேசுகிறார்கள். வந்தவர்களின் எண்ணிக்கையையோ தெருவையோ இவ்வறிக்கையில் சேர்க்கவில்லை. சிறிய ஊர், தெருப்பெயர் போதும், ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

நம்மீது வந்த ஒரு குறையையும் பதிவு செய்ய வேண்டும். காலனிப் பகுதிக்கு நம் தொண்டர்கள் விண்ணப்பம் எழுதித்தரச் சென்றபோது, அங்குள்ள பெண்கள் தேநீர் கொடுத்து உபசரித்துவிட்டு, "எங்களிலும் பேனா பிடிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். எழுதிக் கொடுக்க வருகிறீர்கள், எழுதுவோர் பட்டியலில் எங்களை ஏன் சேர்ப்பதில்லை?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பெண்களுக்குப் பெண்கள் உதவுகிறோம் என்று சொல்லும்போது, உதவுகிற கை எப்போதும் ஒரே தெருவிலிருந்து நீண்டால் அது பழைய ஏற்பாட்டின் புதிய வடிவமாகவே இருக்கும். இப்போது அப்பகுதியைச் சேர்ந்த இரு பட்டதாரிப் பெண்கள் மனு மேசையில் பொறுப்பேற்றுள்ளனர். அவர்கள் எல்லாத் தெருவினருக்கும் எழுதுகிறார்கள். முதல் சில வாரங்கள் மேல்தெருவினர் சிலர் வேறு மேசையைத் தேடியதையும், அப்படி வேறு மேசை கிடையாது என்று தலைவர் அவர்கள் தெளிவாகச் சொன்னதையும் இங்கே குறிப்பிடுவது தகும்.

இனி, நின்றுவிட்டவர்களைப் பற்றி. மனக்கசப்பினால் நின்றவர்கள் மிகச் சிலரே. மற்றவர்களுக்கு நேரமில்லை. 2019இல் நாடு முழுவதும் நடத்தப்பட்ட நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களையும், ஆண்கள் 97 நிமிடங்களையும் செலவிட்டார்கள். ஏறக்குறைய ஐந்து மணி நேரம் சம்பளமின்றி உழைத்துவிட்டு வருபவரிடம் இன்னும் இரண்டு மணி நேரத்தைச் சம்பளமின்றிக் கேட்கிறோம் என்பதைச் சங்கம் மறந்துவிடக் கூடாது. மாலை ஐந்து மணிக்குக் கூட்டம் வைப்பது யாருடைய வசதிக்கு என்று நின்றுவிட்ட ஒரு சகோதரி கேட்டார். பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும் நேரமும் தண்ணீர் பிடிக்கும் நேரமும் அதுதான். போக்குவரத்தும் ஒரு தடை. 2021 முதல் நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்றாலும், அந்தப் பேருந்து ஓடாத நேரத்தில் ஷேர் ஆட்டோவுக்குக் கைக்காசு போடுகிறார்கள், அதை வாய்திறந்து கேட்பதில்லை.

இவற்றைக் கருத்தில் கொண்டு, கூட்டங்களை முற்பகல் பதினோரு மணிக்கு மாற்றுவது, தொண்டர்களின் ஆட்டோச் செலவைச் சீட்டு கேட்காமல் சங்க நிதியிலிருந்து வழங்குவது, கூட்டம் நடக்கும்போது குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள முறை வைத்து ஒருவரை நியமிப்பது ஆகிய மூன்று தீர்மானங்களைச் செயற்குழு நிறைவேற்றியுள்ளது. இவை பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கப்படுகின்றன.

நான்காவதாக, மனு மேசைப் பொறுப்பாளர்களுக்கு மாத மதிப்பூதியம் வழங்கலாமா என்பதில் செயற்குழு இரண்டாகப் பிரிந்து நின்றது. ஊதியம் வந்தால் ஊதியத்துக்காக வருவோர் வருவார்கள் என்பது ஒரு தரப்பு. இலவசமாக உழைக்கக் கூடியவர் வீட்டில் ஏற்கெனவே அரிசி இருக்கிறது, கூலிக்குப் போகும் பெண் ஒருநாள் வேலையை இழந்துதான் இங்கே வரமுடியும், ஆகவே ஊதியமின்மையே நம் தொண்டர்களை வசதியுள்ள தெருக்களிலிருந்து மட்டும் தேர்ந்தெடுக்கிறது என்பது மறுதரப்பு. நான் இரண்டாவது தரப்பில் வாக்களித்தேன் என்பதைத் தெரிவித்துவிடுகிறேன். முடிவு எட்டப்படாததால் இப்பொருள் நிகழ்ச்சி நிரலில் ஆறாவதாகச் சேர்க்கப்பட்டுள்ளது. உறுப்பினர்கள், குறிப்பாகக் கூலி வேலைக்குச் செல்லும் சகோதரிகள், அப்போது தங்கள் கருத்தைத் தயங்காமல் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கூட்டம் நடத்த இடம் தந்த பள்ளி நிர்வாகத்திற்கும், கணக்கைத் தணிக்கை செய்து கொடுத்த தணிக்கையாளருக்கும் சங்கத்தின் நன்றி. இவ்வறிக்கையை விவாதித்து ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்