கொடியும் சூல்வித்தகமும்

தம்பலகாமம்,
திருகோணமலை.

அன்பின் குமார்,

கர்ப்பிணிகளுக்கான கையேட்டில் நஞ்சுக்கொடிக்கு (பிளசென்டா) எந்தச் சொல்லைப் போடலாம் என்று கேட்ட உன் கடிதம் வந்து இரண்டு கிழமையாகிவிட்டது. பதில் பிந்தியதற்குக் காரணம் எங்கள் பசு சிவப்பி. நாகு கன்று போட்டிருக்கிறாள். கன்று இரவு எட்டு மணிக்கே விழுந்துவிட்டது; இளங்கொடிதான், அதாவது மாட்டின் நஞ்சுக்கொடிதான், விடிந்தும் விழவில்லை. மிருக வைத்தியராக இருக்கும் என் பழைய மாணவனைக் கூப்பிட்டேன். "இழுத்துப்போடாதேங்கோ சேர். மாட்டுக்கு இது ஒற்றைத் தட்டு இல்லை, பொத்தான் பொத்தானாக நூறு இடத்தில் ஒட்டியிருக்கும். ஒவ்வொரு கொட்டிலிடனும் கழர வேணும்" என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கொட்டிலிடன் என்றால் வித்திலை என்று முப்பது வருடம் பயறு ஊறவைத்துப் பிளந்து காட்டியவன் நான். மாட்டின் வயிற்றுக்குள்ளும் வித்திலை!

பத்து மணிக்குக் கொடி விழுந்தது. பழைய உரப்பையில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிட்டோம். பால் வடியும் மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் ஊறும் என்பது அம்மாவின் கணக்கு. நாய்க்கு எட்டக்கூடாது என்பது என் கணக்கு.

இனி உன் கேள்வி. கையேட்டில் 'நஞ்சுக்கொடி' என்று வாசித்துவிட்டு நீ எழுதிய அந்தக் கர்ப்பிணிப் பிள்ளை "எனக்குள்ள நஞ்சா?" என்று பயந்ததில் பிழையே இல்லை. நாங்கள் படித்ததும் படிப்பித்ததும் சூல்வித்தகம். பூவின் சூலகத்துக்குள், பிறகு விதையாகும் சூல்வித்துகள் ஒட்டியிருக்கும் இடத்துக்கும் அதுதான் பெயர், தாயையும் பிள்ளையையும் இணைக்கும் உறுப்புக்கும் அதுதான். தமிழ்நாட்டில் தாய்க்கு மட்டும் 'தாய்சேய் இணைப்புத்திசு' என்கிறார்கள். விளக்கமான சொல்தான், ஆனால் பிள்ளைப்பேற்று அறையில் அவசரத்துக்கு யார் இவ்வளவையும் சொல்லி முடிப்பது?

பிளசென்டா என்பது லத்தீனில் ஒருவகைத் தட்டைப் பணியாரம். 1559இல் இத்தாலிய உடற்கூற்றியலாளர் ரியால்டோ கொலம்போ அந்தப் பெயரை இந்த உறுப்புக்கு வைத்தார். அரைக் கிலோ நிறை, ஒன்பது அங்குல அகலம், வட்டம். நல்ல மொத்த ரொட்டி ஒன்றை நினைத்துக்கொள். தாவரவியலார் பிறகு அதைப் பூவுக்கு எடுத்துக்கொண்டார்கள். அவர்களின் சொல் அடுப்படியிலிருந்து கருப்பைக்கும் அங்கிருந்து பூவுக்கும் போனது. எங்களுடையது பூவில் பிறந்து தாய்க்கு வந்த சொல்லாகத்தான் படுகிறது. சூல்வித்து செடிக்குத்தானே உண்டு. ஊர்ச்சனம் சொல்லும் கொடியும் செடி இனம்தான்!

வகுப்பில் இதற்கு நான் கொண்டுபோவது ஒரு கறிமிளகாயும் ஒரு கொச்சிக்காயும். நெடுக்காகப் பிளந்தால் நடுவில் வெள்ளையாக, பஞ்சுபோல ஒரு தண்டு. விதைகள் அதில் ஒட்டியிருக்கும். அதுதான் சூல்வித்தகம். கொச்சிக்காயின் உறைப்பு ஊறுவதும் அந்த வெள்ளையில்தான். விதைக்குச் சொந்த உறைப்பு இல்லை, ஒட்டியிருந்து வாங்கிக்கொண்டது. ஒருவரும் நம்பமாட்டார்கள். விதையைக் கழுவித் துடைத்து ஒருவனுக்கும், வெள்ளையில் ஒரு துண்டு இன்னொருவனுக்கும் கொடுப்பேன். இரண்டாமவன் தண்ணீர்க் குழாய்க்கு ஓடுவான். இப்போது செய்தால் பெற்றோர் வந்து நிற்பார்கள்.

கையேட்டுக்கு என் யோசனை: சூல்வித்தகம் என்று மட்டும் போட்டால் பயம் போகும், ஆனால் ஒன்றும் விளங்காது. வெறும் கொடி என்றாலோ கொப்பூழ்க்கொடியோடு குழம்பும். ஆகவே சூல்வித்தகம் என்ற சொல் வரும் முதல் இடத்தில் "பிள்ளைக்கு உணவும் ஒட்சிசனும் கொடுத்து, பிள்ளை பிறந்தபின் வெளியே வரும் உறுப்பு, நஞ்சுக்கொடி என்றும் சொல்வார்கள், அதில் நஞ்சு எதுவும் இல்லை" என்று ஒரு வரி எழுது. பிறகு சூல்வித்தகம் என்றே கொண்டுபோகலாம்.

கடைசியில் எந்தச் சொல்லைப் போட்டார்கள் என்று எழுது. சிவப்பியின் சீம்பாலில் கடும்பு காய்ச்சினோம், உன் பங்கையும் பேத்தி தின்றுவிட்டாள்.

அன்புடன்,
ராசன்