எதிரெதிரே இரண்டு நிழற்குடைகள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தொகுதி மேம்பாட்டு நிதியை இன்னும் உயர்த்த வேண்டும் என்று உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். உயர்த்தட்டும். அதற்கு முன்னால் கட்டுரையாளரை எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்புக்கு ஒருமுறை வரச் சொல்லுங்கள். பென்னாகரம் போகும் சாலையில் எதிரெதிரே இரண்டு நிழற்குடைகள். ஒன்று எம்.பி. நிதி, மற்றது எம்.எல்.ஏ. நிதி. பஸ் நிற்பதோ இரண்டுக்கும் தள்ளி, புளியமரத்தடி டீக்கடை முன்னால். ஜனங்களும் அங்கேதான் நிற்கிறார்கள்.

எம்.பி. நிதித் திட்டம் 1993 டிசம்பரில் வந்தது. 2011 முதல் அது ஆண்டுக்கு 5 கோடி. எம்.எல்.ஏ.வுக்கு 3 கோடி. தர்மபுரி மாவட்டத்தின் 5 தொகுதிகளுக்குமாக 15 கோடி ஆகிறது. அனுமதி தருவது கலெக்டர் என்றாலும், எந்த ஊருக்கு எந்த வேலை என்று பரிந்துரைப்பவர் பிரதிநிதிதான். எம்.பி. நிதியில் முடிந்த வேலைக்கு அவர் பெயரோடு கல்வெட்டு வைக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. அப்புறம் என்ன? கல்வெட்டு வைக்கத் தோதான வேலைகள் முந்திக்கொள்கின்றன. நிழற்குடை, கலையரங்கம், ஹைமாஸ் விளக்கு. ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாயில் மண்டிய சீமைக்கருவேலத்தை வெட்டினால் கல்வெட்டை எங்கே நடுவது?

எங்கள் பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்குச் சாலை இல்லாமல் 2021 தேர்தலிலும் வாக்குப்பதிவு இயந்திரம் கழுதை முதுகில்தான் ஏறியது. காடு, வனத்துறை அனுமதி என்று காரணம் சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் அந்த அனுமதிக்கு அலைந்தே ஒருவரின் 5 வருடம் தீர்ந்துவிடும், திறப்பு விழா அடுத்தவருக்குப் போய்விடும். யார் அலைவார்கள்?

இத்தனைக்கும் செய்து கொடுத்தவரை ஜனங்கள் மறுபடி ஜெயிக்க வைப்பார்கள் என்ற உத்தரவாதமும் கிடையாது. 1991இல் ஜெயலலிதா பர்கூர் எம்.எல்.ஏ.வாக இருந்து முதல்வரானார். 1994இல் அங்கே அரசு பொறியியல் கல்லூரி வந்தது. அப்போது பர்கூரும் எங்கள் தர்மபுரி மாவட்டம்தான். முதல்வர் தொகுதி, வாரி வழங்குகிறார்கள் என்று நாங்கள் பொறாமைப்பட்டோம். 1996இல் அதே பர்கூர் அவரைத் தோற்கடித்தது. கல்லூரியில் இன்றைக்கும் பிள்ளைகள் படிக்கிறார்கள்.

அக்டோபர் 2 கிராம சபையில் ஊராட்சியின் வரவு செலவை வாசிக்கிறார்கள். எங்கள் ஊராட்சிக்கு எம்.பி.யும் எம்.எல்.ஏ.வும் என்னென்ன பரிந்துரைக்கப் போகிறார்கள், நாங்கள் கேட்டதில் எதை விட்டுவிட்டார்கள் என்ற பட்டியலையும் அங்கேயே வாசிக்க அரசு உத்தரவிட வேண்டும். அப்படி வாசித்திருந்தால், இரண்டாவது நிழற்குடைக்கு முன்பே ஏதாவது ஒரு பாட்டி எழுந்து, "அங்க பஸ்ஸு நிக்காது சாமி" என்று சொல்லியிருப்பார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்,
பென்னாகரம் வட்டம், தர்மபுரி மாவட்டம்.