பாட்டியின் நோட்டுக்கும் மற்ற எல்லோருக்கும் நன்றி

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கும், எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் எங்களுக்காக ஓடிய அத்தனை பேருக்கும் பந்தலூர் வெள்ளிக்கிழமை ஜெபக் குழுவின் வணக்கம்.

நாம் எல்லோரும் காத்திருந்த தம்பி வீடு வந்து சேர்ந்துவிட்டான். என்ன நடந்தது, எப்படி முடிந்தது என்பது தேவாலா தொடங்கிச் சேரம்பாடி வரை எல்லோருக்கும் தெரியும். அதைத் திரும்ப எழுதப் போவதில்லை. அவன் அம்மாவுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. யாரைப் பார்த்தாலும் கையெடுத்துக் கும்பிடுகிறார், அழுகிறார். அதனால் நன்றி சொல்கிற வேலை எங்களிடம் வந்திருக்கிறது.

நாடுகாணி இறக்கத்தில் பனியென்றும் இரவென்றும் பார்க்காமல் ஜீப் எடுத்த டிரைவர் அண்ணன், திங்கட்கிழமைக் குறைதீர்ப்புக் கூட்டத்துக்கு ஊட்டி கலெக்டர் ஆபீசுக்குக் கொண்டுபோக மனு எழுதிக் கொடுத்த வாத்தியார், தங்கள் வீட்டுக் காரியம்போல ஆளாளுக்குப் போன் போட்ட பள்ளிவாசல் பெரியவர்கள், திருவிழா வசூலில் இருந்து எடுத்துக் கொடுத்த கோயில் கமிட்டிப் பையன்கள், முறை வைத்துச் சோறாக்கி அனுப்பிய லைன் வீட்டு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) அக்காமார், ரீசார்ஜ் கடனைக் கடைசிவரை எழுதியே வைக்காத கடைக்காரர், விடியற்கால ஜெபத்தை ஒரு நாளும் விடாத ஆயர் ஐயா. உங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு மடல் எழுத வேண்டும். சேர்த்து ஒரே மூச்சில் சொல்லிவிட்டோமே என்று கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்கிற தைரியம் இருக்கிறது. நீங்கள் செய்ததை ஊரே பார்த்தது. ஒருவர் செய்தது மட்டும் வெளியே தெரியவில்லை, அதனால்தான் இந்த மடலில் பாதிக்கு மேல் அதற்கே போகிறது.

அவர் டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டத்து லைன் பாட்டி. பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். 1964ஆம் வருடத்துச் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பம், கொழுந்து பறித்தே ஓய்வு பெற்றவர். காத்திருக்கிற வீட்டுக்கு வருகிறவர்கள் பழம் கொண்டுவருவார்கள், ஒரு வசனம் சொல்வார்கள், ஜெபம்பண்ணிவிட்டுப் போவார்கள். பாட்டி ஒரு நோட்டைக் கொண்டுவந்தார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போகிற எண்பது பக்க நோட்டு, பழைய காலண்டர் தாளில் அட்டை. அதைத் தம்பியின் அம்மாவின் மடியில் வைத்து, "வாரத்துக்கு ஒரு வரி போதும், அதுக்கு மேல படிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, மழைக்கு முன்னால் லைனுக்குத் திரும்பிவிட்டார்.

நோட்டில் பிரசங்கம் எதுவும் இல்லை. ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, பக்கத்துக்கு ஐந்து கட்டம். யாருக்குச் சொன்ன வாக்கு? என்ன வாக்கு? நிபந்தனை உண்டா? எத்தனை வருடம் ஆயிற்று, அதுவரை அவர்கள் என்ன செய்தார்கள்? ஏன் தாமதம்? முதல் நான்கு கட்டமும் நீல மை, ஐந்தாவது சிவப்பு. அந்த ஐந்தாவதுக்கு மட்டும் அட்டையின் உள்பக்கத்தில் ஒரு விதி எழுதியிருக்கிறார்: காரணத்தை வேதமே சொன்னால்தான் எழுத வேண்டும், நாமாக எழுதக் கூடாது.

பிள்ளையும் தேசமும் தருவேன் என்று வாக்குப் பெற்ற ஆபிரகாமுக்கு ஒரு முழுப் பக்கம் போகிறது. ஆரானை விட்டுப் புறப்படும்போது வயது 75. ஈசாக்கு பிறக்கும்போது 100. கானானில் 10 வருடம் ஆனதும் வேலைக்காரி ஆகாரை வைத்துக் குறுக்குவழி பார்த்தார்கள். இஸ்மவேல் பிறக்கையில் அவருக்கு 86. அடுத்து கர்த்தர் பேசினதாக எழுதியிருப்பது 99ஆம் வயதில். ஆதியாகமம் 16ஆம் அதிகாரத்தின் கடைசி வசனத்துக்கும் 17ஆம் அதிகாரத்தின் முதல் வசனத்துக்கும் நடுவில் அந்த 13 வருடமும் அடங்கிவிடுகிறது. படிக்கிற நமக்கு அது ஒரு வரி இடைவெளி. அவர் மனைவி சாராள் அதை ஒவ்வொரு மாதமாகக் கழித்திருப்பாள்.

நிபந்தனைக் கட்டத்தில் பாட்டி "இல்லை" என்று எழுதி, பக்கத்தில் ஆதி. 15 என்று குறித்திருக்கிறார். மூன்று வயதுக் கிடாரி, மூன்று வயது வெள்ளாடு, மூன்று வயது ஆட்டுக்கடா, காட்டுப்புறா, புறாக்குஞ்சு. பறவைகளைத் தவிர மற்றதை நடுவாகத் துண்டித்து எதிரெதிரே வைக்கிறார் ஆபிராம் (ஆபிரகாமின் அப்போதைய பெயர்). உடன்படிக்கை செய்கிறவர்கள் அந்தத் துண்டங்களின் நடுவே நடப்பது அன்றைய வழக்கம். வாக்கு மீறினால் எனக்கும் இந்தக் கதி என்பது பொருள். எரேமியா 34ஆம் அதிகாரத்திலும் இந்த வழக்கத்தைப் பார்க்கலாம். ஆனால் அன்றைக்கு ஆபிராம் நடக்கவே இல்லை. அவருக்கு அயர்ந்த தூக்கம் வந்துவிடுகிறது. புகைகிற சூளையும் அக்கினிஜுவாலையும் மட்டும் நடுவே கடந்துபோகின்றன. அதாவது ஆணையிட்டவர் ஒருவரே. நம் பிடி தளர்ந்தாலும் உடன்படிக்கை நிற்கிறது என்று விசுவாசிகள் சொல்வதற்கு அடிப்படை இந்த அதிகாரம்தான். நான்காவது கட்டத்தில் பாட்டி எழுதியிருப்பது இரண்டே சொல்: பறவைகளைத் துரத்தினார். துண்டங்களை வைத்த பிறகு, இருட்டும்வரை, அந்த மனுஷனுக்கு இருந்த வேலை அவ்வளவுதான்.

இனி, ஏன் தாமதம் என்கிற ஐந்தாவது கட்டம். தேசத்தைக் கொடுக்க 400 வருடம் ஏன் என்பதற்குச் சிவப்பு மையில் பதில் இருக்கிறது: எமோரியருடைய அக்கிரமம் இன்னும் நிறைவாகவில்லை. பிள்ளைக்கு 25 வருடம் ஏன்? கட்டம் காலி. காலேபுக்கு வாக்குக் கிடைத்தபோது 40 வயது, மலைநாட்டைக் கேட்டு வாங்கும்போது 85. நடுவில் 45 வருடம். சிவப்பில்: வேவு பார்க்கப் போன பன்னிரண்டு பேரில் பத்துப் பேரின் அவிசுவாசம். காலேபிடம் தப்பே இல்லை, ஆனாலும் கூட்டத்தோடு சேர்ந்து வனாந்தரத்தில் நடந்தார். பாபிலோனுக்குப் போனவர்களின் 70 வருடத்துக்குச் சிவப்பில்: சொந்தப் பாவம். யோசேப்பு, 17 வயதில் விற்கப்பட்டு 30இல் பார்வோன் முன் நின்றவர். சிறையில் கழித்த கடைசி 2 வருடத்துக்கு மட்டும் சிவப்பில்: பானபாத்திரக்காரன் மறந்துபோனான். யோபுவின் பக்கத்தில் ஐந்தாவது கட்டம் சுத்தமாகக் காலி. 38ஆம் அதிகாரத்தில் தொடங்கிக் கர்த்தரே நான்கு அதிகாரம் பேசுகிறார், ஏன் என்பதை மட்டும் யோபுவிடம் சொல்லவில்லை. அந்தக் கட்டத்தை நிரப்ப வந்த சிநேகிதர்கள்தான் 42ஆம் அதிகாரத்தில் திட்டு வாங்குகிறார்கள்.

இது ஏன் அந்த வீட்டுக்கு மருந்தாக இருந்தது என்பது வந்துபோனவர்களுக்குப் புரியும். தாமதத்துக்குக் காரணம் என்று வந்தவர்கள் சொன்னவை: பொருத்தனை (நேர்ந்துகொண்டது) ஏதாவது பாக்கி இருக்கும், முன்னோர் சாபமாக இருக்கும், விசுவாசம் போதாது. எல்லாம் அன்பில் சொன்னதுதான். எங்கள் குழுவிலும் சொன்னவர்கள் உண்டு. அத்தனையும் அந்த அம்மாவின் ஐந்தாவது கட்டத்தில் அடுத்தவர்கள் எழுதிய சிவப்பு மை. பாட்டி யாரையும் மறுத்துப் பேசவில்லை. காலியாக விட்ட கட்டங்களைக் காட்டினார், அவ்வளவுதான்.

நிபந்தனை உண்டா என்கிற மூன்றாவது கட்டமும் லேசானதில்லை. உபாகமம் 28:13, வாலாக்காமல் தலையாக்குவார் என்பது, நம் ஊரில் எத்தனை வீட்டு வாசலில், எத்தனை ஆட்டோவின் பின்னால் ஒட்டியிருக்கிறது! கற்பனைகளைக் கைக்கொண்டால் என்கிற நிபந்தனை அதே வசனத்துக்குள்ளேயே இருக்கிறது, ஸ்டிக்கரில் அதற்கு இடம் போதவில்லை. 68 வசனம் உள்ள அந்த அதிகாரத்தில் ஆசீர்வாதம் 14 வசனம், மீதி 54ம் சாபம். அது சீனாய் உடன்படிக்கை. ஜனங்களும் ஒரே சத்தமாய் ஒத்துக்கொண்டது. ஆபிரகாமுடையது வேறு, தாவீதோடு 2 சாமுவேல் 7இல் செய்தது வேறு, எரேமியா 31இல் சொல்லி கர்த்தருடைய பந்தியில் நாம் நினைவுகூருகிற புதிய உடன்படிக்கை வேறு. எந்த வசனம் எதற்குள் நிற்கிறது என்று பார்க்காமல் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பாட்டியின் விளக்கம்: "அடுத்த வீட்டு ரேஷன் கார்டை எடுத்துக்கிட்டுக் கடைக்குப் போற மாதிரி. வரிசையில நிக்கலாம். அரிசி வராது." பிறகு குறை கடையின் மேல் விழும்.

நாள் குறிப்பதைப் பற்றியும் ஒரு பக்கம். பாபிலோன் நுகம் 2 வருடத்தில் முறியும் என்றான் அனனியா என்கிற பொய்த் தீர்க்கதரிசி. ஜனங்களுக்கு இனித்தது. பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்டவர்களுக்குத் தீர்க்கதரிசி எரேமியா எழுதினது 70. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்யுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்றும் எழுதினார். வாக்குத்தத்த அட்டைகளில் அதிகம் வருகிற எரேமியா 29:11, இந்த 70க்கு அடுத்த வசனம். இந்த மாதத்துக்குள் முடியும் என்று யாராவது சொல்லி, மாதம் முடிந்துபோனால், சந்தேகம், அப்படிச் சொன்னவர் மேல் வருவதில்லை, கர்த்தர் மேல் வருகிறது. அந்த வேதனையை இந்த வருடம் பக்கத்தில் இருந்து பார்த்தோம். இன்னொன்று: அந்த 70ஐப் புஸ்தகங்களில் படித்துத் தெரிந்துகொண்ட தானியேல், அதுதான் எழுதியிருக்கிறதே என்று சும்மா இருக்கவில்லை. இரட்டுடுத்தி, சாம்பலில் உட்கார்ந்து, உபவாசம் இருந்து ஜெபித்தார்.

பாட்டி மிக நெருக்கமாக எழுதியிருக்கிற பக்கம் எரேமியா 32. எருசலேமைச் சுற்றி முற்றுகை, தீர்க்கதரிசி காவற்சாலை முற்றத்தில். உறவுக்காரர் ஒருவர் ஆனதோத்தில் உள்ள நிலத்தை வாங்கிக்கொள்ளச் சொல்கிறார். எதிரி கைக்குப் போகப்போகிற நிலம்! 17 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து, சாட்சிகளை வைத்துக் கையெழுத்துப் போட்டு, முத்திரை போட்ட பத்திரம் ஒன்று, திறந்த பத்திரம் ஒன்று, இரண்டையும் மண்பாண்டத்துக்குள் வைக்கச் சொல்லி தன் எழுத்தர் பாருக்கிடம் கொடுக்கிறார். அதுதான் பத்திரம் அநேக நாள் தாங்கும் வழி. நிலம் யாருக்கு என்பதற்கு 1969ஆம் வருடத்து ஜென்மம் (பழைய நிலவுரிமை) ஒழிப்புச் சட்டத்தையும் அதன் பிரிவு 17ஐயும் சொல்லிச் சொல்லியே தலைமுறை கடந்த கூடலூர்க்காரர்களுக்கு இந்த அதிகாரத்தை யாரும் விளக்க வேண்டாம். பாண்டத்தில் வைக்கச் சொன்னதிலேயே தெரிகிறது, அந்த நிலத்தைத் தன் காலத்தில் உழலாம் என்று அவர் நினைக்கவில்லை.

கடைசிப் பக்கங்கள் முறையீடு. 89ஆம் சங்கீதம் 37 வசனம் வரை தாவீதோடு செய்த உடன்படிக்கையைப் பாடுகிறது, 38இல் இருந்து அதைக் காட்டியே கர்த்தரிடம் வழக்காடுகிறது. "எதுவரைக்கும்" என்று கேட்டால் அவிசுவாசம் ஆகிவிடுமோ என்று அந்த அம்மா பயந்துகொண்டிருந்தார். வாக்குக் கொடுத்தவரிடம்தானே வாக்கைப் பற்றிக் கேட்க முடியும்? அதற்குப் பக்கத்திலேயே யாத்திராகமம் 5: விடுதலை செய்தி வந்த பிறகுதான் வைக்கோலை நிறுத்தினார்கள், செங்கல் கணக்கைக் குறைக்கவில்லை. நிலைமை மோசமாவதை வைத்து வாக்கு பொய் என்று முடிவுகட்டக் கூடாது என்பதற்கு அந்தப் பக்கம்.

தம்பி வந்துவிட்டான் என்பதால் இதையெல்லாம் சுலபமாக எழுதுகிறோம் என்று சிலர் நினைக்கலாம். வராமல் போயிருந்தாலும் நோட்டில் ஒரு எழுத்தும் மாற வேண்டியிருக்காது. வாக்குத்தத்தம் பண்ணப்பட்டதை அடையாமலே விசுவாசத்தோடு மரித்தவர்களையும் எபிரெயர் 11 சேர்த்தே எண்ணுகிறது. முழு தேசத்தையும் வாக்காகப் பெற்ற ஆபிரகாம் அதில் விலை கொடுத்து வாங்கியது, சாராளை அடக்கம்பண்ண, 400 சேக்கல் வெள்ளிக்கு, மக்பேலா நிலமும் குகையும்.

குழுவில் இரண்டு தீர்மானம் எடுத்திருக்கிறோம். டிசம்பர் 31 இரவு ஆராதனையில் கொடுக்கிற வாக்குத்தத்த அட்டையில் இனி வசனத்தோடு, யாருக்கு எப்போது சொன்னது என்று ஒரு வரியும், அதிகாரம் முழுவதையும் வாசிக்கச் சொல்லி ஒரு வரியும் இருக்கும். காத்திருக்கிற எந்த வீட்டுக்குப் போனாலும் எங்களில் யாரும் ஐந்தாவது கட்டத்தைப் பற்றி வாய் திறக்க மாட்டோம். திறந்தால் நிறுத்துங்கள்.

நோட்டு வருகிற வெள்ளிக்கிழமை பாட்டியிடம் திரும்பப் போகிறது. பாட்டியின் அனுமதியோடு ஜெராக்ஸ் எடுத்து வைத்திருக்கிறோம், வேண்டியவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். கறுப்பு வெள்ளைப் பிரதியில் சிவப்பு தெரியாது, ஐந்தாவது கட்டத்தை நீங்களே வேதத்தோடு ஒத்துப் பார்த்துச் சிவப்பில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் சொந்த வரியைச் சேர்ப்பதானால் பென்சிலில் எழுதுங்கள் என்று பாட்டி சொல்லச் சொன்னார்.