88 எங்கே போனான்?

ஓவர்லாண்ட் பார்க், கான்சாஸ்
நவம்பர் முதல் வாரம்

அன்புள்ள குமரேசா,

உன் கடிதம் போன வாரம் வந்தது. முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்து, கைத்தடி இல்லாமல் தெருமுனை டீக்கடை வரை நடக்கிறாய் என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. வலி குறைந்துவிட்டது என்று பிசியோதெரபியை மட்டும் நிறுத்திவிடாதே. செல்வி கல்யாணத்துக்குத் தையில் நாள் குறித்தது ரொம்ப சந்தோஷம். நாங்கள் நால்வரும் வருகிறோம், டிக்கெட் போட்டாகிவிட்டது.

இங்கே குளிர் தொடங்கிவிட்டது. காலையில் கார் கண்ணாடியில் படிந்த உறைபனியைச் சுரண்டிவிட்டுத்தான் கிளம்ப முடிகிறது. மீனாவுக்கு இந்த மாதமும் இரவு ஷிஃப்ட். பெரியவள் கல்லூரியில் இருந்து வாரம் ஒரு போன் போடுகிறாள், அதுவே பெரிது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். கதிர் ஆடிய அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்தின் வீடியோவை மூன்று தடவை பார்த்தாயாம். 88-ஆம் எண் சட்டை போட்ட அவன் ஒரு தடவைகூடப் பந்தைத் தொடவில்லையே, பையனை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்திருக்கிறார்களா என்று கேட்டிருந்தாய். எனக்கு வருத்தமே இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் இதைத்தான் அவன் கோச்சிடம் கேட்டேன். அவர் என்னை அறைக்குள் கூட்டிப்போய் வீடியோ போட்டு, ஒரே ஓட்டத்தை எட்டு தடவை நிறுத்தி நிறுத்திக் காட்டினார். அன்றைக்குத்தான் நான் இந்த ஆட்டத்தை முதல் தடவையாகப் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். அதற்கு முன் பத்து வருஷமாகப் பந்து போகிற பக்கத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதிர் ஆடும் இடத்துக்கு டைட் எண்ட் என்று பெயர். ஆஃபென்ஸில், அதாவது பந்து வைத்திருக்கும் அணியில், இருக்கும் 11 பேரில் ஏழு பேராவது பந்து இருக்கும் கோட்டில் நிற்க வேண்டும். நடுவில் தோளை ஒட்டி நிற்கும் ஐந்து பேரும் மலை மாதிரி ஆட்கள். பந்தை எறியும் குவார்ட்டர்பேக் மேல் அடி விழாமல் காப்பதும், பந்தோடு ஓடுபவனுக்கு வழி திறப்பதும் அவர்கள் வேலை. முன்னால் எறியும் பந்தைப் பிடிக்க அவர்களுக்கு உரிமை கிடையாது. ஓரத்தில் எட்ட நிற்கும் ரிசீவர்கள் ஓடிப் பிடிப்பவர்கள். டைட் எண்ட் அந்த ஐந்து பேரை ஒட்டி, வரிசையின் கடைசியில் நிற்பான். நிற்கும் இடத்தைப் பார்த்தால் ஆறாவது மலை. ஆனால் முனையில் நிற்பதால் பந்தைப் பிடிக்கும் உரிமை அவனுக்கு உண்டு. எதிரே, தடுக்கும் அணியின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கரின் தலைவலி இங்கேதான் ஆரம்பிக்கிறது. இவன் என்னை முட்ட வருகிறானா, தாண்டி ஓட வருகிறானா? அதற்கு விடை தெரிய அவனுக்கு அரை விநாடிகூடக் கிடைக்காது.

இப்போது வீடியோவை மறுபடி போடு. முதல் பாதியில் வலது பக்கமாகப் பந்தோடு ஓடும் ஆட்டம் நான்கு தடவை வரும். நான்கிலும் கதிரின் வலது காலைப் பார். ஒரு கையைத் தரையில் ஊன்றிக் குனிந்திருப்பான். பந்து கிளம்பியதும் முதல் அடியை முன்னால் வைக்க மாட்டான். பக்கவாட்டில் அரை அடி. அப்படி வைத்தால்தான் எதிரே, தடுக்கும் முன்வரிசையின் முனையில் நிற்கும் டிஃபென்சிவ் எண்டின் வெளித் தோளுக்கு அந்தப் பக்கம் தன் தலையைக் கொண்டுபோக முடியும். அடுத்த அடியில் இரண்டு கையும் எதிராளியின் மார்புக்குள் போக வேண்டும். கை தோளுக்கு வெளியே போய்த் துணியைப் பிடித்துவிட்டால் மஞ்சள் கொடி விழும், 10 யார்டு (கஜம்) பறிபோகும். இந்த அரை அடிக்காக மே மாதத்திலிருந்து எங்கள் வீட்டுப் புல்வெளியில் கோடு கிழித்துப் பயிற்சி செய்தான். அந்த இடத்தில் இன்னும் புல் முளைக்கவில்லை. முன்கையில் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை எப்போதும் கன்றிப்போய்த்தான் இருக்கும். மீனா பார்க்கவே மாட்டாள்.

மூன்றாவது கால் பகுதியில், எதிரணியின் எல்லைக்குள் பந்தைக் கொண்டுபோகும் டச்டவுன் ஒன்று வருமே, இடது பக்க ரிசீவர் தனியாக ஓடிப்போய்ப் பிடித்தது. அதைப் பார்த்துக் கைதட்டினேன் என்று எழுதியிருந்தாய். அது எப்படி வந்தது என்று பார். கதிர் அதே மாதிரி குனிகிறான். அதே அரை அடி வைக்கிறான். குவார்ட்டர்பேக் பந்தை ஓடுபவன் வயிற்றில் வைப்பது போலக் காட்டுகிறான். நான்கு தடவை முட்டு வாங்கிய லைன்பேக்கர்கள் இருவரும் ஐந்தாவது ஓட்டம் என்று நம்பிக் கோட்டை நோக்கிப் பாய்கிறார்கள். கதிர் முட்டாமல் அவர்களுக்குப் பின்னால் நழுவிவிடுகிறான். பின்னால் காவலுக்கு நின்ற சேஃப்டிக்குத் திடீரென்று ஆறடி உயரப் பையன் ஒருவன் நடு மைதானத்தில் தனியாக வருவது தெரிகிறது. அவனைப் பிடிக்க முன்னால் ஓடி வருகிறான். சேஃப்டி விட்டுவந்த இடத்துக்குத்தான் பந்து போனது. அந்த ஆறு புள்ளியில் 88-க்குக் கணக்கில் ஒன்றும் வராது. ஆனால் கோச் மறுநாள் வீடியோ காட்டியபோது அவன் பெயரைத்தான் முதலில் சொன்னாராம்.

பள்ளியில் நீ கபடி ஆடியது ஞாபகம் இருக்கிறதா? கார்னரில் நின்று கணுக்காலைப் பிடித்துக்கொண்டு மண்ணில் இழுபடுவாய். மற்ற நான்கு பேர் மேலே விழுந்து ஆளை அமுக்குவார்கள். விசில் அவர்களுக்கு, சிராய்ப்பு உனக்கு. உனக்குப் புரியாதா இது.

பெரிய தொழில்முறை அணிகளிலும் இதே கதைதான், அளவு மட்டும் பெரிது. இரண்டு டைட் எண்டுகளைக் களத்தில் இறக்கினால் டிஃபென்ஸ் என்ன செய்யும் சொல். கனமான லைன்பேக்கர்களை வைத்தால், டைட் எண்டுகள் அவர்களை விட வேகமாக ஓடிப் பந்து பிடிப்பார்கள். வேகமான சின்ன ஆட்களை உள்ளே அனுப்பினால், அதே டைட் எண்டுகள் அவர்களை நெட்டித் தள்ளி ஓட்டத்துக்கு வழி திறப்பார்கள். ஆள் மாறாமலே ஆட்டம் மாறும். 2011-இல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் இதை வைத்தே லீகைத் திணற அடித்தார்கள். ராப் கிராங்கவ்ஸ்கி அந்த ஒரு சீசனில் 17 டச்டவுன் பந்து பிடித்தார், பிடித்த பந்துகளால் அணி முன்னேறியது 1,327 யார்டு. கூட ஆடிய ஆரன் ஹெர்னாண்டஸ் 910 யார்டு. அந்த அணி சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டம் வரை போனது.

இது புதிது ஒன்றும் இல்லை. 1961-லேயே சிகாகோ பேர்ஸ் அணியில் மைக் டிட்கா முதல் வருஷத்திலேயே 1,076 யார்டு பந்து பிடித்தார். அதுவரை அந்த இடத்தில் நிற்பவன் பெரும்பாலும் முட்டுவதற்குத்தான் என்றிருந்தார்கள். அப்புறம் சான் டியாகோவில் டான் கோரியல் என்ற கோச் கெலன் வின்ஸ்லோவை வரிசை முனையிலிருந்தே பிரித்து எடுத்து, ஒரு தடவை ஓரத்தில், அடுத்த தடவை நடுவில், அதற்கடுத்த தடவை நகர்ந்துகொண்டே என்று நிறுத்தினார். ஆள் நகரும்போது எதிரணியில் ஒருவன் கூடவே நகர்ந்தால், ஆளுக்கு ஆள் காவல். யாரும் நகராவிட்டால் இடத்துக்குக் காவல். பந்து கிளம்புவதற்கு முன்பே குவார்ட்டர்பேக்குக்குச் சேதி கிடைத்துவிடும். 1982 ஜனவரி 2, மயாமியில் நடந்த ஆட்டத்தில் வின்ஸ்லோ 13 பந்து பிடித்தார், கடைசியில் எதிரணி கம்பங்களுக்கு நடுவே உதைத்து மூன்று புள்ளி எடுக்கப் பார்த்த ஃபீல்ட் கோல் உதையையும் எம்பித் தடுத்தார். ஆட்டம் முடிந்ததும் நடக்க முடியாமல் இரண்டு பேர் தோளில் கை போட்டு வெளியே போன படத்தைக் கதிர் தன் அறையில் ஒட்டியிருக்கிறான்.

எங்கள் ஊரில் இருந்துகொண்டு கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணியின் டைட் எண்ட் டிராவிஸ் கெல்சியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. 2022 ஜனவரி 23, சீஃப்ஸின் ஆரோஹெட் மைதானம். பஃபலோ பில்ஸ் 36-33 என்று முன்னிலை, பாக்கி 13 விநாடி. எங்கள் தெருவில் பாதிப் பேர் டிவியை அணைத்துவிட்டார்கள். முதல் எறிதல் ரிசீவர் டைரீக் ஹில்லுக்கு, 19 யார்டு. எட்டு விநாடி மிச்சம். டிஃபென்ஸ் இப்படி இப்படி நின்றால், சொன்ன வழியில் ஓட மாட்டேன், என்னைக் காக்கும் இருவருக்கு நடுவே நேராகப் போய்விடுவேன் என்று கெல்சி முன்கூட்டியே குவார்ட்டர்பேக் மஹோம்ஸிடம் சொல்லி வைத்திருந்தார். மஹோம்ஸ் கோட்டுக்கு வந்து பார்த்தார். அப்படியே நிற்கிறார்கள். ‘செய் கெல்சி, செய்’ என்று கத்தியது மைக்கில் பதிவாகியிருக்கிறது. 25 யார்டு. மூன்று விநாடி மிச்சம் வைத்து 49 யார்டு உதையில் சமன். கூடுதல் நேரத்தில் வெற்றி டச்டவுனைப் பிடித்ததும் கெல்சிதான், 42-36. அவர் பள்ளியில் குவார்ட்டர்பேக்காக ஆடியவர். எதிரே நிற்பவர்களைப் பார்த்து இடைவெளி எங்கே திறக்கும் என்று கணக்குப் போடும் கண் அங்கிருந்து வந்தது என்று நான் நினைக்கிறேன்.

ஆனாலும் கதிரின் கோச் பையன்களுக்குப் போட்டுக் காட்டுவது சான் ஃபிரான்சிஸ்கோவின் ஜார்ஜ் கிட்டிலை. அதுவும் அவர் பந்து பிடிப்பதை அல்ல, முட்டுவதை. 2017-இல், கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் சுற்று முறையில் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், ஐந்தாவது சுற்றில், 146-ஆவது ஆளாக எடுக்கப்பட்டவர். அடுத்த வருஷமே 1,377 யார்டு. அந்த அணியின் கோச் கைல் ஷனஹன் ஓட்டத்தைப் பக்கவாட்டில் விரித்து ஆடுபவர். கிட்டில் முட்டுவது உண்மையாக இருப்பதால்தான் அவர் முட்டாமல் நழுவும்போது யாரும் சந்தேகப்படுவதில்லை. ஏனோதானோவென்று முட்டுபவனை லைன்பேக்கர் முதல் கால் பகுதியிலேயே கண்டுபிடித்துவிடுவான். அப்புறம் அவன் எந்தப் பாசாங்கு செய்தாலும் செல்லாது. கதிருக்கு இது புரிந்துவிட்டது என்பதில்தான் எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம். பந்து வராத நாளிலும் முகம் வாடாமல் வருகிறான். காரில் ஏறியதும் ‘அப்பா, அந்த மூணாவது ஓட்டத்துல பாத்தீங்களா?’ என்பான். பார்த்தேன் என்று சொல்ல முடிகிறது இப்போது.

வருகிற வெள்ளிக்கிழமை பிளே-ஆஃப் ஆட்டம். எதிரணியின் டிஃபென்சிவ் எண்ட் 110 கிலோ, கதிர் 92. புதன்கிழமையிலிருந்து அந்தப் பையனின் வீடியோவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு இடது கைதான் பலமாம், வலது பக்கம் சாய்ந்தால் நிலை தடுமாறுகிறானாம். சனிக்கிழமை உனக்கு வீடியோ அனுப்புகிறேன். பந்தை விட்டுவிட்டு 88-இன் வலது காலை மட்டும் பார்த்து எழுது.

தையில் வரும்போது உன்னிடம் கணுக்கால் பிடி கற்றுக்கொள்ள வேண்டும் என்கிறான். உட்கார்ந்தபடி சொல்லிக்கொடுத்தால் போதும், முழங்காலை வளைக்காதே. தங்கச்சிக்கும் செல்விக்கும் எங்கள் அன்பைச் சொல். மாப்பிள்ளை வீட்டார் எந்த ஊர் என்று நீ எழுதவே இல்லையே?

அன்புடன்,
சுந்தரம்