ஸ்கோப் போடப் போறவங்களுக்கு தமிழ்ல ஒரு தாள் குடுங்க

ஆசிரியர் ஐயா, வணக்கம்.

மலேசியா, சிலாங்கூர்ல இருக்கிற பத்தாங் பெர்சுந்தையிலேருந்து எழுதுறேன். பெஸ்தாரி ஜெயான்னு பேரு மாத்தி பல வருஷம் ஆச்சு, ஆனா எங்க வாயில இன்னும் பழைய பேருதான் வருது. நான் தோட்டத்து கிளினிக்ல டிரெஸ்ஸரா, அதாவது மருத்துவ உதவியாளரா வேலை பாத்து ரிட்டாயர் ஆனவன். நான் வேலையை விட்டாலும் ஜனங்க என்னை விடல, காலையில டீக்கடையில உக்காந்தா யாராச்சும் வந்து "ஐயா, கேஸ்ட்ரிக்குக்கு எந்த மருந்து நல்லது"ன்னு கேக்காம போகமாட்டாங்க. வயித்து விஷயமா கொஞ்சம் சொல்லணும், ஸ்கோப் (கேமரா வச்ச குழாயை உள்ள விட்டு பாக்கிறது) போடப் போறவங்களுக்கு தமிழ்ல ஒரு தாள் குடுக்கணும்னு சுகாதார அமைச்சுக்கு ஒரு கோரிக்கையும் இருக்கு, இடம் இருந்தா போடுங்க.

செம்பனை லோரி ஓட்டுற தம்பி ஒருத்தர் தினம் அதே கடைக்கு வருவார். ரொட்டி சானாய் சாப்பிட்டு முடிச்ச கையோட சட்டைப் பையிலேருந்து ஈனோ பாக்கெட்டை எடுத்து பல்லால கிழிச்சு தண்ணியில கொட்டி, நுரை அடங்குறதுக்குள்ள ஒரே மடக்கு, பெரிய ஏப்பம் ஒண்ணு, "போயிருச்சு ஐயா"ம்பார். எங்க தம்பி போச்சு, மறுநாளும் அதே நேரத்துக்கு வருதே. அதுல இருக்கிறது சோடியம் உப்பு, அமிலத்தை கொஞ்ச நேரம் அடக்கும், அவ்வளவுதான், பிரஷர் இருக்கிறவங்க தினமும் குடிக்கிற சரக்கே இல்ல. எப்பவாச்சும் விருந்து சாப்பிட்டு எரிஞ்சா குடிங்க, நான் வேணாங்கல. மாசக்கணக்கா எரியுதுன்னா காரணம் என்னன்னு பாக்கணும்.

நான் வேலைக்கு சேந்த காலத்துல வயித்துப் புண்ணுன்னா காரம், கவலை, நேரத்துக்கு சாப்பிடாதது, இதுதான் காரணம்னு பெரிய டாக்டர்மாரே சொல்லுவாங்க. பெரட்டு (காலையில வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிறது) முடிஞ்சு வர்றவங்களுக்கு எம்.எம்.டி.ன்னு ஒரு வெள்ளை மருந்தை பாட்டில் பாட்டிலா ஊத்திக் குடுப்போம். அப்புறம் பெர்த் நகரத்துல பேரி மார்ஷல், ராபின் வாரன்னு ரெண்டு டாக்டருங்க, புண்ணுக்கு முக்கிய காரணம் ஹெலிக்கோபேக்டர் பைலோரிங்கிற கிருமின்னு சொன்னாங்க, முதல்ல நம்புனவங்க ரொம்ப கம்மி, மார்ஷல் 1984ல அந்தக் கிருமியை கலக்கி தானே குடிச்சு வயித்தைக் கெடுத்துக்கிட்டு காட்டினார், 2005ல ரெண்டு பேருக்கும் நோபல் பரிசு கெடைச்சுது. நம்ம நாட்டுல நடந்த ஆய்வுகள்லயும் மலாய்க்காரங்களை விட இந்தியர், சீனர் கிட்ட இந்தக் கிருமி அதிகமா இருக்குன்னு காட்டியிருக்கு. பெரும்பாலும் சின்ன வயசுலயே வீட்டுக்குள்ள ஒருத்தர்கிட்டேருந்து ஒருத்தருக்கு தொத்திக்குது. கிருமி இருக்கிற எல்லாருக்கும் புண்ணு வந்துடாது, பயப்பட வேணாம், ஆனா வந்தவங்களுக்கு கிருமியை ஒழிக்காம வெறும் எரிச்சல் மாத்திரை குடுத்துக்கிட்டே இருந்தா புண்ணு ஆறும், திரும்ப வரும்.

கண்டுபிடிக்கிறது கஷ்டம் இல்ல. மூச்சை ஊதச் சொல்லி பாக்கலாம், மலத்துல பாக்கலாம், ஸ்கோப் போடுறப்ப துளி சதை எடுத்தும் பாக்கலாம். டெஸ்ட்டுக்கு ரெண்டு வாரத்துக்கு முன்னாடி ஒமிப்ரசோல் மாதிரி அமிலத்தைக் குறைக்கிற மாத்திரையை நிறுத்தணும், இல்லன்னா கிருமி இருந்தும் இல்லன்னு காட்டும் (நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டரைக் கேட்டுக்குங்க). மருந்துன்னா பெரும்பாலும் ரெண்டு வகை ஆன்டிபயாட்டிக்கோட அமிலத்தைக் குறைக்கிற மாத்திரையும் சேத்து 14 நாள் குடுப்பாங்க. இங்கதான் நம்மாளுங்க கோட்டை விடுறது, நாலு நாள்ல வாய் கசக்குது, வயித்தால போகுதுன்னு மிச்சத்தை அலமாரியில போட்டுடுறாங்க, பாதியில விட்டா கிருமி அந்த மருந்துக்கு பழகிடும், அடுத்த தடவை அதே மருந்து கேக்காது.

இன்னொரு காரணம் வலி மாத்திரை. முட்டி வலிக்கு பொன்ஸ்தான், வோல்டரென்னு கடையில வாங்கி வெறும் வயித்துல போட்டுக்கிறது, இல்லன்னா பாசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தையில) விக்கிற பேர் தெரியாத மூட்டுவலி மருந்து, அதுல சிலதுல ஸ்டீராய்டு கலந்திருக்குன்னு அரசாங்கமே பல தடவை எச்சரிச்சிருக்கு. வயசானவங்களுக்கு வலியே தெரியாம புண்ணுலேருந்து ரத்தம் கசியும். மலம் தார் மாதிரி கறுப்பா, ஒட்டிக்கிட்டு, கெட்ட நாத்தத்தோட போனா அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு போங்க. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் கறுப்பாத்தான் போகும், ஆனா அந்த நாத்தமும் பிசுபிசுப்பும் இருக்காது. சோறு தொண்டையில அடைக்குது, தானா எடை குறையுது, ரத்த வாந்தின்னா வீட்டு வைத்தியம் பாத்துக்கிட்டு இருக்காதீங்க.

அப்புறம், நெஞ்சுக்குழியில திடீர்னு அழுத்தி வலிச்சு வேர்த்துக் கொட்டுனா அதை கேஸ்ட்ரிக்னு நெனச்சு தைலம் தேச்சுக்கிட்டு படுக்கிறது இருக்கே, அது வேணவே வேணாம். இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி) இருக்கிறவங்களுக்கு ஹார்ட் அட்டாக் இப்படி வயித்து வலி மாதிரியே வரலாம், இனிப்பு நீர் நம்ம சமூகத்துல எவ்வளவுன்னு சொல்லத் தேவையில்ல. 999 கூப்பிடுங்க.

இப்ப கோரிக்கைக்கு வரேன். மலேசியாவுல ஆம்பளைங்களுக்கு அதிகமா வர்ற புற்றுநோய் பெருங்குடல்லதான், பாதிக்கு மேல முத்தின பிறகுதான் கண்டுபிடிக்கிறாங்க. நம்மாளுங்க மலத்துல ரத்தம் பாத்தா மூலம்னு முடிவு பண்ணி கருணைக்கிழங்கு வாங்கப் போயிடுறாங்க. 50 வயசுலேருந்து 75 வரைக்கும் உள்ளவங்க, ஒரு தொல்லையும் இல்லாட்டியும் அரசாங்க கிளினிக்ல கேட்டா சின்ன டப்பா ஒண்ணு குடுப்பாங்க, மலத்துல கொஞ்சம் எடுத்துக் குடுத்தா கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைக் கூட காட்டும். ரத்தம் இருந்தா பின்பக்கமா ஸ்கோப் போட்டு பாப்பாங்க, சின்ன கட்டி இருந்தா பெரும்பாலும் அப்பவே வெட்டி எடுத்துடலாம்.

அந்த ஸ்கோப்புக்கு குடல் சுத்தமா இருக்கணும். ரெண்டு மூணு நாளைக்கு முன்னாடியே கீரை, கடலை, விதை உள்ள பழம் எல்லாம் நிறுத்திட்டு வெள்ளை சோறு, மீன், முட்டைன்னு சாப்பிடணும், பிறகு தெளிவான தண்ணி ஆகாரம் மட்டும், அதோட பேதி மருந்தை அவங்க சொன்ன நேரத்துக்கு குடிக்கணும். இனிப்பு நீர் மாத்திரை, ரத்தம் உறையாம இருக்க சாப்பிடுற மாத்திரை, ரெண்டையும் என்ன பண்றதுன்னு முன்கூட்டியே கேக்கணும். இது எல்லாம் எழுதி ஒரு தாள் குடுக்கிறாங்க. எங்க தோட்டத்து அம்மா ஒருத்தங்களுக்கு குடுத்த தாள்ல மலாய் இருந்துது, இங்கிலீஷ் இருந்துது, தமிழ் இல்ல. அவங்களுக்கு தமிழ் மட்டும்தான் படிக்க வரும். புரட்டாசி மாசம் வேற, சைவம்தானே, வயித்துக்கு லேசா இருக்கும்னு முருங்கைக் கீரையும் கொண்டைக்கடலையும் சாப்பிட்டுட்டு போயிருக்காங்க. உள்ள ஒண்ணும் தெரியலன்னு டாக்டர் பாதியில நிறுத்திட்டார், மறு தேதி பல மாசம் கழிச்சு. அந்தம்மா இனிமே போகவே மாட்டேன்னு உக்காந்திருக்காங்க, மகளும் நானும் பேசிப் பாத்துக்கிட்டு இருக்கோம்.

தேர்தல் வந்தா தமிழ்ல நோட்டீஸ் அடிக்க முடியுது, குடலைக் கழுவுறதுக்கு ஒரு பக்கம் அடிக்க முடியாதா? சுகாதார அமைச்சு இதைக் கவனிக்கணும். படிக்கவே தெரியாதவங்களுக்கு தமிழ் பேசுற நர்ஸ் யாராச்சும் போன்ல சொல்லலாம். ரத்த தான முகாம் நடத்துற கோயில் கமிட்டிங்க, தனியா இருக்கிற வயசானவங்களை ஸ்கோப் அன்னிக்கு கூட்டிட்டுப் போய் கொண்டாந்து விட ஒரு வேன் ஏற்பாடு பண்ணலாம், மயக்க ஊசி போட்டா அவங்க தனியா திரும்ப முடியாது.

தமிழ்ல எழுத ஆள் இல்லன்னு அமைச்சு சொன்னா நான் எழுதித் தரேன், காசு வேணாம், டாக்டர் ஒருத்தர் சரி பாத்துக் குடுத்தா போதும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்டத்து டிரெஸ்ஸர்,
பத்தாங் பெர்சுந்தை, சிலாங்கூர்