பிட்கெய்ர்ன் பயணம் விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்ப் பயணிகளைக் குழுவாகத் தென் பசிபிக் குரூஸுக்கு அழைத்துப் போகும் டிராவல்ஸ் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்களில் சிலருடைய பயணத்திட்டத்தில் ‘பிட்கெய்ர்ன் தீவு, ஒரு நாள்’ என்று ஒரு வரி இருக்கிறது. தாஹிட்டிக்கும் போரா போராவுக்கும் அடுத்து, அதே அளவு எழுத்தில், அதே மாதிரி தென்னைமரப் படத்தோடு. பெரிய கப்பலில் போகிறவர்கள் அநேகமாக அந்தத் தீவில் கால் வைக்கப் போவதில்லை. இது உங்களுக்குத் தெரியும். பணம் கட்டுகிறவர்களுக்கு அதை முன்கூட்டியே சொல்லுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

பிட்கெய்ர்ன் என்பது கடலிலிருந்து செங்குத்தாக எழும் எரிமலைப் பாறை. பரப்பு 5 சதுர கிலோமீட்டர்கூட இல்லை. தாஹிட்டியிலிருந்து 2,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது. விமானத்தளம் கிடையாது, பெரிய கப்பல் அணையும் துறைமுகமும் கிடையாது. பவுன்டி விரிகுடாவில் ஒரு சின்ன இறங்குதுறை இருக்கிறது. அலையைப் பார்த்து, நேரம் பார்த்து, தீவுக்காரர்கள் தங்கள் நீளப்படகில் அதற்குள் நுழைவார்கள். அங்கே வாழ்கிறவர்கள் 50 பேருக்கும் குறைவு. ஆயிரம், இரண்டாயிரம் பேரோடு வரும் கப்பல் அங்கே ஆட்களை இறக்க முடியாது, இறக்கவும் கூடாது. சிறிய கப்பல்களில் வருகிறவர்களுக்குக் கடல் இடம் கொடுத்தால் வாய்ப்பு உண்டு, அதுவும் உறுதி இல்லை.

அதனால் தீவு கப்பலுக்கு வருகிறது. நான் போன பயணத்தில் கப்பல் தூரத்தில் நின்றது. நீளப்படகு வந்து பக்கத்தில் ஒட்டியது. மேலும் கீழும் எறியும் அலையில் நூலேணியைப் பிடித்து ஒவ்வொருவராக ஏறினார்கள், வயதான பெண்கள் உட்பட. பின்னாலேயே பெட்டிகள் ஏறின. கொஞ்ச நேரத்தில் மேல்தளத்தில் மேசை போட்டுக் கடை விரித்துவிட்டார்கள். ஒரு தீவின் மக்கள்தொகையில் பெரும்பகுதி நம்மைப் பார்க்க வந்து நிற்கிறது. இப்படி வேறு எங்கே நடக்கும்?

ஆனால் நம் குழுவில் பாதிப் பேர் அந்த நேரம் முழுக்க ‘இறக்கிவிடுவோம்னு சொன்னீங்களே’ என்று வழிகாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். கோபம் நியாயமானதுதான், அவர்களுக்கு விற்கப்பட்டது வேறு. மீதிப் பேரில் சிலர் மரத்தில் செதுக்கிய ஒரு சுறாவைக் கையில் எடுத்து, பாதி விலைக்குத் தருவாயா என்று பேரம் பேசினார்கள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அந்த மரத்தின் பெயர் மிரோ. அதற்காகத் தீவுக்காரர்கள் ஆளில்லாத ஹென்டர்சன் தீவு வரை, ஏறக்குறைய 190 கிலோமீட்டர், திறந்த கடலில் போய்வருகிறார்கள். பிறகு வீட்டில் உட்கார்ந்து செதுக்கி, தேய்த்து, மெருகேற்றுகிறார்கள். மரச்சிற்பம், தேன், அஞ்சல்தலை இவற்றை நேரில் விற்கிற வாய்ப்பு கப்பல் வரும் நாட்களில்தான். வருடத்தில் அப்படி எத்தனை நாள் கிடைத்துவிடும்? நியூசிலாந்து டாலரோ அமெரிக்க டாலரோ ரொக்கமாகக் கொண்டுபோகச் சொல்லுங்கள். சொன்ன விலையைக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம், அந்தத் தீவின் கதை. 1789-இல் பவுன்டி என்ற பிரிட்டிஷ் கடற்படைக் கப்பலில் கலகம், பிளெட்சர் கிறிஸ்டியன் என்ற வீரன், ஒளிந்துகொள்ள ஒரு சொர்க்கத்தீவு. உங்கள் பிரசுரங்கள் இதோடு நிறுத்திவிடுகின்றன. 1790 ஜனவரியில் அங்கே கரையேறியவர்களில் கலகக்காரர்கள் 9 பேர்தான். அவர்களோடு பாலினீசிய (தாஹிட்டி முதலான பசிபிக் தீவுகளின்) ஆண்கள் 6 பேரும், பத்துக்கும் மேற்பட்ட பாலினீசியப் பெண்களும் இருந்தார்கள். அந்தப் பெண்களில் பலர் விரும்பி வந்தவர்கள் அல்ல, அவர்கள் கப்பலில் இருக்கும்போதே நங்கூரக் கயிறு வெட்டப்பட்டு, அப்படியே கொண்டுவரப்பட்டவர்கள். நிலத்துக்கும் பெண்களுக்கும் நடந்த சண்டையில் ஆண்கள் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்த்தார்கள். 1808-இல் ஓர் அமெரிக்கக் கப்பல் அங்கே வந்தபோது, கரையேறிய ஆண்களில் ஜான் ஆடம்ஸ் என்ற கலகக்காரர் ஒருவர்தான் உயிரோடு இருந்தார். ஊரைக் கட்டி நிறுத்தியவர்கள் அந்தப் பெண்கள். மரப்பட்டையை அடித்து அவர்கள் செய்த ‘தாபா’ என்ற துணி இன்றும் லண்டனின் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர்களில் ஒருவர், மாலுமிகள் ஜென்னி என்று அழைத்தவர், 1817-இல் தீவை விட்டுத் தாஹிட்டிக்குத் திரும்பி நடந்ததையெல்லாம் சொன்னார். 1819-இல் அது சிட்னி கெசட் என்ற செய்தித்தாளில் அச்சானது. அந்தக் கதையைத்தான் நம் பயணிகளுக்கு முதலில் சொல்ல வேண்டும். 1838-இலேயே அங்கே பெண்களுக்கு வாக்குரிமை வந்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

கலகக்காரர்களுக்கும் பல நூற்றாண்டுகள் முன்பே பாலினீசியர்கள் அங்கே வாழ்ந்தார்கள். தீவின் தவுத்தாமா கற்சுரங்கத்தில் செய்த கல் கருவிகள் பிரெஞ்சு பாலினீசியாவின் மங்கரேவா தீவு வரை போயிருக்கின்றன. ‘ஆள் அறியாத தீவு’ என்று தலைப்புப் போடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

2004-இல் நடந்த வழக்குகளையும் மறைக்கச் சொல்ல மாட்டேன். சிறுமிகள் மீதான பாலியல் குற்றங்களுக்காக அந்தத் தீவின் ஆண்கள் 6 பேர் தண்டிக்கப்பட்டார்கள். சொர்க்கம் என்று விற்பது அந்தச் சிறுமிகளுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் மேசைக்குப் பின்னால் தேன் விற்கிறவரிடம் அதைக் கேள்வியாக எறிவதும் முறையல்ல. போகுமுன் படித்துக்கொள்ளட்டும், அங்கே போய்க் கிளற வேண்டாம்.

இறங்க வாய்ப்புள்ள சிறிய கப்பலில் அனுப்புகிறீர்கள் என்றால் இன்னும் இரண்டு விஷயம். அங்குள்ள தேனீக்கள் நோயில்லாதவை, அந்தத் தேன் ஏற்றுமதியாவதே அதனால்தான். ஆகவே வெளியிலிருந்து தேன் கொண்டுபோகக் கூடாது. பழம், விதை, கறிவேப்பிலைக் கொத்து எல்லாம் கப்பலிலேயே இருக்கட்டும், செருப்பில் ஒட்டிய மண்கூடப் போக வேண்டாம். இருமலோ காய்ச்சலோ இருப்பவர்கள் தீவுக்காரர்கள் பக்கமே போகாமல் இருப்பது நல்லது. அங்கே சின்ன மருத்துவ நிலையம் ஒன்றுதான். ஒருவருக்குத் தீவிரமானால் கப்பல்தான் வழி. மங்கரேவா போய்ச் சேரவே ஒன்றரை நாள் ஆகும்.

அடுத்த பருவத்துக்கான பிரசுரம் அச்சுக்குப் போகும் முன் அந்த வரியை இப்படி மாற்றிவிடுங்கள்: ‘பிட்கெய்ர்ன் அருகே கப்பல் நிற்கும், தீவு மக்கள் கப்பலுக்கு வருவார்கள், கரையிறங்குவது பெரும்பாலும் இல்லை.’ இதனால் இரண்டு மூன்று பேர் பதிவை ரத்து செய்யலாம். வருகிறவர்கள் எதற்கு வருகிறோம் என்று தெரிந்து வருவார்கள்.

அன்புடன்,
உங்கள் பயணிகளில் ஒருவர்