மோர்ஸ் தந்தியைக் கண்டுபிடித்தது மனைவி இறந்ததாலா? அவர் கடிதங்களைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை சிறுவர் பக்கத்தில் சாமுவேல் மோர்ஸைப் பற்றி அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். மனைவி இறந்த செய்தி தாமதமாகக் கிடைத்ததில் மனம் உடைந்த ஓவியர், இனி யாருக்கும் இப்படி நேரக் கூடாது என்று சபதம் எடுத்துக்கொண்டு தந்தியைக் கண்டுபிடித்தார் என்று எழுதியிருந்தது. இதே கதை வாட்ஸ்அப்பில் பல வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது, நானும் அதை நம்பிப் பலபேருக்குச் சொல்லியிருக்கிறேன். அதில் பாதி உண்மை. மீதிப் பாதி அந்த மனிதருடைய சொந்தக் கடிதங்களோடு ஒத்துப்போகவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாக இருந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் 1978 முதல் தபால் ஆபீசில் சிக்னலர் வேலை, அதாவது தந்தி அடிக்கும் வேலை, பார்த்தவன். கட்டைவிரலும் இரண்டு விரலும் சேர்ந்து அந்தப் பித்தளைக் குமிழைப் பிடித்த பிடி இப்போதும் கையில் இருக்கிறது. சாவுத் தந்தி எத்தனை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. செய்தி எழுத்தெழுத்தாகத்தான் வரும். முதலில் பாதர் என்றோ மதர் என்றோ வரும், அதன் பிறகு இ, எக்ஸ், பி என்று மூன்று எழுத்து விழும்போதே கைக்குத் தெரிந்துவிடும், வருவது எக்ஸ்பயர்ட், அதாவது இறந்துவிட்டார் என்று, மீதி எழுத்து வருவதற்கு முன்னாலேயே அந்த வீட்டு வாசல் கண்ணுக்குள் வந்துவிடும். இப்படி வேலை பார்த்தவனுக்கு மோர்ஸின் மனைவி கதை எவ்வளவு நெருக்கமானது என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். அதனால்தான் அதை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி கேட்டாள்: "தாத்தா, அவங்க இறந்தது 1825, முதல் தந்தி அடிச்சது 1844. பத்தொன்பது வருஷம் என்ன பண்ணினார்?" எனக்குப் பதில் தெரியவில்லை. அப்புறம் அவளே தேடிக் கண்டுபிடித்துத் திறந்து காட்டியதுதான் வாஷிங்டனில் உள்ள அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தில் இருக்கும் மோர்ஸின் தாள்கள். 1793 தொடங்கி 1944 வரைக்குமான கடிதம், நாட்குறிப்பு, ஓவியக் குறிப்பு, வரைபடம் எல்லாவற்றையும் குடும்பத்தார் நூலகத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். நூலகம் அவற்றைப் படம் பிடித்து, ஏறக்குறைய 50,000 படங்களாக யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கும்படி வைத்திருக்கிறது. அவருடைய மகன் எட்வர்ட் லிண்ட் மோர்ஸ் முக்கியமான கடிதங்களைத் தொகுத்து 1914இல் இரண்டு தொகுதிகளாக அச்சிட்டும் இருக்கிறார். மோர்ஸின் கையெழுத்து எனக்குச் சுலபமாகப் பிடிபடவில்லை, அச்சில் இருப்பதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படித்தோம்.

முதலில் 1825 பிப்ரவரியைச் சொல்லிவிடுகிறேன். மோர்ஸ் அப்போது முழுநேர உருவப்பட ஓவியர். அமெரிக்காவுக்கு வந்திருந்த பிரெஞ்சுப் படைத் தலைவர் லஃபாயெத்தை ஆளுயரத்துக்கு வரைந்து தரும் வேலையை நியூயார்க் நகராட்சி அவருக்குக் கொடுத்திருந்தது. வாழ்க்கையிலேயே பெரிய வாய்ப்பு. வரைவதற்காக வாஷிங்டன் போயிருக்கிறார். மனைவி லுக்ரீஷியா நியூ ஹேவனில், மாமனார் வீட்டில், மூன்றாவது பிள்ளை பெற்று சில வாரமே ஆனவர். பிப்ரவரி 7ஆம் தேதி திடீரென்று இதயம் நின்று இறந்துபோகிறார், வயது 25. மறுநாள் 8ஆம் தேதி மோர்ஸின் அப்பா மகனுக்குக் கடிதம் எழுதுகிறார். அந்தக் கடிதம் வழியில் இருக்கும்போதே, 9ஆம் தேதி இரவு மோர்ஸ் ஜனாதிபதி மாளிகை விருந்தில் இருக்கிறார். அன்றைக்குத்தான் ஜான் குவின்சி ஆடம்ஸ் ஜனாதிபதியாகத் தேர்வாகியிருக்கிறார், தோற்றுப்போன ஆண்ட்ரூ ஜாக்சன் அவரிடம் வந்து கை குலுக்குகிறார். இதையெல்லாம் பார்த்த சந்தோஷத்தில் மறுநாள் மனைவிக்கு விவரமாக எழுதுகிறார், உன் கடிதத்துக்காக ஏங்கிக்கொண்டிருக்கிறேன் என்று. எழுதிய அன்றைக்கு மனைவி இறந்து மூன்று நாள். அப்பாவின் கடிதம் 11ஆம் தேதி கையில் கிடைக்கிறது. அடித்துப் பிடித்துக் கிளம்பி, குதிரை வண்டியில் பல நாள் பயணம் செய்து நியூ ஹேவன் போய்ச் சேரும்போது அடக்கம் முடிந்துவிட்டது.

சாவுத் தந்தி எழுதிய என்னைப் போன்றவர்களுக்கு இந்தக் கடிதங்களில் துக்கம் எங்கே இருக்கிறது என்றால், அப்பாவின் கடிதத்தில் இல்லை, மோர்ஸ் மனைவிக்கு எழுதியதில்தான். எவ்வளவு கலகலப்பாக எழுதியிருக்கிறார்! இதுவரை உங்கள் கட்டுரை சொன்னது சரி.

ஆனால் அதற்குப் பிறகு ஏழு வருடம், தந்தி என்ற பேச்சே இல்லை. படம் வரைகிறார், நியூயார்க்கில் ஓவியர்களைச் சேர்த்து 1826இல் நேஷனல் அகாடமி ஆஃப் டிசைன் தொடங்கி அதற்குத் தலைவராக இருக்கிறார், ஐரோப்பா போகிறார், பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து அங்குள்ள பெரிய ஓவியங்களில் 38ஐப் பொடிசாக்கி ஒரே துணியில் வரைகிறார். 1832 அக்டோபரில் சல்லி என்ற கப்பலில் ஊர் திரும்பும்போது, சாப்பாட்டு மேசையில் சார்லஸ் ஜாக்சன் என்ற டாக்டர் மின்காந்தத்தைப் பற்றிப் பேச, கம்பி எவ்வளவு நீளமாக இருந்தாலும் மின்சாரம் கணத்தில் ஓடிவிடும் என்றால் அதை வைத்துச் செய்தி அனுப்பலாமே என்று மோர்ஸுக்குத் தோன்றியிருக்கிறது. அவரே திரும்பத் திரும்பச் சொன்ன கதை இதுதான். கப்பலை விட்டு இறங்கும்போது கேப்டனிடம், தந்தியை உலகம் அதிசயமாகப் பேசும் நாள் வந்தால் அது இந்தக் கப்பலில் பிறந்தது என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்றாராம். மனைவிக்காகச் செய்தேன் என்று சொல்லவில்லை.

அப்படியானால் அவருக்கு இந்த ஏக்கமே கிடையாதா என்றால், இருந்தது. ஆனால் அது லுக்ரீஷியாவைச் சந்திப்பதற்கும் முன்னாலேயே. 1811இல், இருபது வயதில், ஓவியம் படிக்க இங்கிலாந்து போய்ச் சேர்ந்ததும் அப்பா அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில், நல்லபடியாக வந்து சேர்ந்த செய்தியை இந்தக் கணமே உங்களுக்குச் சொல்ல முடிந்தால் எப்படி இருக்கும், மூவாயிரம் மைலைக் கணத்தில் கடக்க முடியாதே, ஒருவர் செய்தி இன்னொருவருக்குக் கிடைக்க நான்கு வாரம் காத்திருக்க வேண்டுமே என்று எழுதியிருக்கிறார். வீட்டை விட்டுப் போன எந்தப் பிள்ளையும் எழுதக்கூடிய வரிதான். ஆனால் அம்மா அப்பா அந்தக் கடிதத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்திருக்கிறார்கள், அது திரும்ப மோர்ஸ் கைக்கே வந்திருக்கிறது. வயதான காலத்தில், தந்தி உலகத்தையே சுற்றிவிட்ட பிறகு, பழைய தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்த கிழவர் இந்தக் கடிதத்தின் வெளிப்புறத்தில் தன் கையாலேயே எழுதிவைத்திருக்கிறார்: இந்தக் கடிதத்திலும் தந்திக்கான ஏக்கம் இருக்கிறது என்று. இந்த ஒரு வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் நான் எதுவும் பேசவில்லை. வாட்ஸ்அப் கதையை விட இது எத்தனையோ மடங்கு பெரியது என்று எனக்குப் படுகிறது.

பேத்தி கேட்ட பத்தொன்பது வருடத்துக்கும் பதில் அந்தத் தாள்களிலேயே இருக்கிறது, அதுதான் உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட வராத விஷயம். அந்த மனிதருக்கு வாழ்நாள் ஆசை ஓவியம். அதிலும் முகத்தைப் பார்த்து வரைவது அல்ல, சரித்திரக் காட்சிகளைப் பெரிதாக வரைவது. ஆனால் லண்டனில் இருந்தபோதே அம்மா எச்சரித்து எழுதிவிட்டார், இந்த நாட்டில் உருவப்படம் தவிர வேறு எதை வரைந்தாலும் வயிற்றுப்பாட்டுக்குக் காசு கிடைக்கும் என்று எதிர்பார்க்காதே என்று. (எந்த ஊர் அம்மாவாக இருந்தாலும் அம்மா அம்மாதான்.) அம்மா சொன்னதுதான் நடந்தது. 1816இல் நியூ ஹாம்ப்ஷையரில் ஊர் ஊராகப் போய் ஒரு முகத்துக்கு 15 டாலர் வாங்கி வரைகிறார். கான்கார்ட் ஊரிலிருந்து, ஐந்து படம் முடித்துவிட்டேன், இன்னும் இரண்டு பேசியாகிவிட்டது என்று வீட்டுக்குக் கணக்கு எழுதுகிறார். லுக்ரீஷியாவைப் பார்த்ததும் அந்த ஊரில்தான். கல்யாணத்துக்குப் பிறகு தெற்கே சார்ல்ஸ்டனுக்குக் குளிர்காலம்தோறும் போய்ப் படத்துக்கு 60 டாலர் சம்பாதித்தார், அதற்காகவும் குடும்பத்தைப் பிரிந்திருந்தார். 1825இல் மனைவி பக்கத்தில் இல்லாமல் போனதும் இந்தப் பிழைப்பால்தான். லூவ்ர் படத்துக்கு அவர் கேட்டது 2,500 டாலர், கடைசியில் விற்றது 1,300க்கு. அதே படத்தை 1982இல் அமெரிக்காவில் ஒரு கலை அறக்கட்டளை 32 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கியிருக்கிறது.

1837இல் அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்து வட்டக் கூடத்தில் பெரிய ஓவியம் வரையும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்காமல் போனது. அதோடு உடைந்துவிட்டார். பிறகு 1849இல் தன் நண்பரான நாவலாசிரியர் கூப்பருக்கு எழுதிய கடிதத்தில், ஓவியத்தை நான் கைவிடவில்லை, அதுதான் என்னைக் கைவிட்டுவிட்டது என்கிறார். அந்த 1837ஆம் வருடமே அவர் செய்து காட்டிய முதல் தந்திக் கருவி எதில் பொருத்தப்பட்டிருக்கிறது தெரியுமா? ஓவியத் துணியை இழுத்துக் கட்டும் மரச்சட்டத்தில். பட்டறையில் சும்மா கிடந்த சட்டத்தை எடுத்து மேசையில் அடித்து, அதில் கடிகாரச் சக்கரத்தையும் பென்சிலையும் மாட்டியிருக்கிறார். அந்தப் படத்தைப் பார்த்தபோது, நான் அடித்த கீ ஒரு ஓவியர் வீட்டிலிருந்து வந்தது என்பதே எனக்கு முதன்முதலாக உறைத்தது.

அவரை மகானாக்கிவிடவும் வேண்டாம். கத்தோலிக்கர்களும் வெளிநாட்டார் வந்து குடியேறுவதும் ஆபத்து என்று எழுதியவர், 1836இல் அந்தக் கொள்கையோடு நியூயார்க் மேயர் தேர்தலில் நின்று தோற்றவர், உள்நாட்டுப் போர்க்காலத்திலும் அடிமை முறைக்கு வக்காலத்து வாங்கியவர். இதைப் படிக்கும்போது மனசு கசந்துதான் போகிறது. அப்பா அம்மாவுக்குச் செய்தி சொல்லத் தவித்த அதே கை இதையும் எழுதியிருக்கிறது. சிறுவர் பக்கத்தில் இவ்வளவையும் போட இடமிருக்காது என்று தெரியும், ஆனால் இருப்பதைச் சுருக்கிச் சொன்னால் போதுமே, இல்லாத சபதத்தைச் சேர்க்க வேண்டியதில்லை.

கடைசியாக ஒன்று. 1844 மே 24ஆம் தேதி வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்குப் போன முதல் தந்தியின் காகித நாடாவும் அதே நூலகத்தில் இருக்கிறது. மை கிடையாது, முனை காகிதத்தை அழுத்திய தடம்தான் புள்ளியும் கோடும். ஒவ்வொரு குறிக்கும் கீழே எந்த எழுத்து என்று மோர்ஸ் கையால் எழுதியிருக்கிறார், மேலே காலை 8.45 மணி என்ற நேரமும், வாசகத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்த ஆனி எல்ஸ்வொர்த் என்ற பெண்ணின் பெயரும் இருக்கிறது. 'வாட் ஹாத் காட் ராட்', தேவன் செய்தது எத்தனை பெரிது என்ற பொருளில் வரும் பைபிள் வரி. பேத்தி திரையில் பெரிதாக்கிக் காட்டினாள், கீழே உள்ள எழுத்தைக் கையால் மறைத்துக்கொண்டு குறிகளை மட்டும் படித்துப் பார்த்தேன். முதல் இரண்டு சொல் தடங்கலில்லாமல் வந்துவிட்டது. மூன்றாவது சொல்லில், காட் என்பதில், ஓ என்ற எழுத்துக்கு வந்ததும் தடுக்கிவிட்டது. நாங்கள் படித்தது ஐரோப்பாவில் பிறகு திருத்திய குறியீடு, அதில் ஓ என்றால் மூன்று நீளக் கோடு. மோர்ஸுடையதில் நடுவே இடைவெளி விட்ட இரண்டு புள்ளி. 2013 ஜூலையில் நம் நாட்டில் தந்தியே நின்றுபோன பிறகு, இத்தனை வருடம் கழித்து, ஒரு புது எழுத்தைக் கற்றுக்கொண்டேன்.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டுதான். வரும் ஞாயிறு அதே சிறுவர் பக்கத்தில் ஒரு சின்னத் திருத்தம் போடுங்கள். கூடவே 1811 கடிதத்தைப் பற்றியும், கிழவர் அதன் வெளிப்புறத்தில் எழுதிய அந்த வரியைப் பற்றியும் நான்கு வரி எழுதி, இந்தத் தாள்களைப் பிள்ளைகளே பார்க்கலாம் என்ற விவரத்தையும் கொடுங்கள். இடம் போதாவிட்டால் என் கடிதத்தில் எதை வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், அந்த வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற தபால் சிக்னலர்,
தென்காசி மாவட்டம்.